மழைக்கு முன் வாங்கிய மூட்டை

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை 6 மணி முதல் புதன் இரவு 9 மணி வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். சேலத்துக்கும் திருப்பூருக்கும் மூன்று நாள். கொரோனா ஊரடங்கு அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டதுதான். ஆனாலும் மளிகைக் கடைகள் பகல் 1 மணி வரை திறந்திருந்தன. இந்த நான்கு நாளும் அவையும் கிடையாது, காய்கறி மட்டும் வண்டியில் வரும் என்பது புதிய உத்தரவு. இடையில் மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றே. அன்று கடை நேரத்தை 3 மணி வரை நீட்டித்தும் கூட்டம் அடங்கவில்லை. பத்து நாள் கழித்து, மே 5ஆம் தேதி, கோயம்பேடு சந்தையே நோய்த்தொற்று மையமாகி மூடப்பட்டது. அந்தச் சனிக்கிழமைதான் காரணம் என்று அறுதியிட முடியாது. சந்தையில் அதற்கு முன்பும் நெரிசல் இருந்தது. ஆனால் கூட்டத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவு தானே ஒரு பெருங்கூட்டத்தை வரவழைத்தது என்பதில் ஐயமில்லை.

மறு ஆண்டும் அதே கதை. 2021 மே 22, சனிக்கிழமை. திங்கள் முதல் ஒரு வாரம் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவிப்பு; சாமான் வாங்கிக்கொள்ள ஒன்றரை நாள் அவகாசம். ஆட்சி மாறியிருந்தது, கடைவாசல் காட்சி மாறவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் ‘மக்களுக்குப் பொறுப்பில்லை, நாலு நாளைக்கு நாற்பது கிலோ எதற்கு’ என்று அலுத்துக்கொள்வது நம் வழக்கம். அந்த அலுப்பில் எனக்கு உடன்பாடில்லை. தேதிகளைப் பாருங்கள். நாடு தழுவிய முதல் ஊரடங்கு மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்தது. அடுத்தது ஏப்ரல் 24. மறு ஆண்டு அறிவிப்பு மே 22. மூன்றும் மாதக் கடைசி. மாதச் சம்பளக் குடும்பம் முதல் வாரத்தில் மளிகைப் பட்டியல் போட்டு வாங்கும். இருபதாம் தேதிக்கு மேல் பருப்பு டப்பாவின் அடி தெரியும், எண்ணெய் கடைசி பாக்கெட்டில் இருக்கும், கையிருப்பும் அப்படித்தான். வீட்டில் சரக்கு ஆகக் குறைவாக இருக்கும் வாரத்தில், கடை மூடப்போகிறது என்று சொன்னால், கடைக்கு ஓடாதவர்தான் பொறுப்பில்லாதவர்.

பிரிட்டனில் 2020 மார்ச்சில் பல்பொருள் அங்காடிகளின் அடுக்குகள் காலியானதை லண்டனின் நிதியியல் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் மார்ட்டின் ஓ’கானல், ஆரியோ டி பாலா, கேட் ஸ்மித் மூவரும் ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாங்கிய பொருள்களின் பட்டியலையே வைத்துப் பார்த்த ஆய்வு அது. வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போன பேராசைக்காரர்கள் சிலரால் அடுக்கு காலியாகவில்லை என்பது அவர்கள் கண்டது. வழக்கமாக அந்த வாரம் அரிசியோ மாவோ வாங்காத குடும்பங்களும் அன்று கொஞ்சம் வாங்கின. அவ்வளவுதான். ஒவ்வொரு வீடும் எடுத்தது சொற்பம்; எடுத்த வீடுகள் அதிகம்.

நம் தெருமுனைக் கடைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கடையை நம்பி 300 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு முப்பது வீட்டார் துவரம்பருப்பு வாங்க வருவார்கள், ஆளுக்கு ஒரு கிலோ. கடைக்காரர் வாரத்துக்கு இருமுறை மண்டியிலிருந்து சரக்கு எடுப்பவர். நூறு, நூற்றைம்பது கிலோவுக்கு மேல் பருப்பில் பணத்தை முடக்கமாட்டார். ஒரு மாலையில் 300 பேரும் வந்தால், ஆளுக்கு அரைக் கிலோ கேட்டாலும் இருட்டுவதற்குள் மூட்டை காலி. பதுக்கியவர் யாருமில்லை. பருப்புதான் இல்லை.

ஆகவே, வீட்டில் உணவுப்பொருள் இருப்பு வைப்பது நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. எப்போது வாங்கினோம் என்பதே கேள்வி. ஆகஸ்டில் வாங்கிப் பரணில் ஏற்றிய பத்து கிலோ அரிசி, டிசம்பர் புயலன்று கடை வரிசையில் ஓர் ஆளைக் குறைக்கிறது. அந்த இடத்தில் இன்னொருவர் நிற்கலாம். அதே பத்து கிலோவைப் புயல் எச்சரிக்கை வந்த மாலையில் வாங்கினால் இன்னொருவரின் பங்கிலிருந்து எடுக்கிறோம். இதை நன்றாகப் புரிந்துகொண்டதாகப் பெயரெடுத்த ஒரு நாடும் தடுமாறியது. அதுவும் நம்மைப்போல் சோறு உண்ணும் நாடு.

ஜப்பானின் அரிசி

1918 ஜூலையில் தோயாமா மாவட்டத்தின் உஓசு என்ற கடற்கரை ஊரில் மீனவப் பெண்கள் துறைமுகத்தில் திரண்டார்கள். தங்கள் ஊரில் அரிசி விலை எகிறிக்கொண்டிருக்க, அரிசி மூட்டைகள் கப்பலேறி வெளியூர் போவதை மறிக்க வந்தவர்கள். சைபீரியாவுக்குப் படை போகிறது, அரிசிக்குக் கிராக்கி வரும் என்ற கணக்கில் வியாபாரிகள் சரக்கைப் பிடித்துவைத்திருந்த நேரம். அந்தக் கலகம் நாடு முழுக்கப் பரவி, செப்டம்பரில் தெராவுச்சி அமைச்சரவையே பதவி விலகியது. அரிசி விலை ஆட்சியைக் கவிழ்க்கும் என்பதை ஜப்பானிய அரசியல்வாதிகள் அன்று கற்றார்கள்.

1993இல் கோடை குளிர்ந்துபோய் விளைச்சல் நாலில் ஒரு பங்கு குறைந்தது. தாய்லாந்து அரிசியை இறக்குமதி செய்தார்கள். ஒட்டாத அந்தச் சோற்றை ஜப்பானியர் தொட மறுத்தார்கள். (ஒட்டும் சோற்றை நம் இலையில் போட்டால் நாமும் அதைத்தான் செய்வோம்.) அதற்குப் பின் 1995 முதல் அரசே சட்டப்படி அரிசியைச் சேமித்துவைக்கத் தொடங்கியது. சுமார் 10 லட்சம் டன் கிடங்கில் இருந்துவந்தது. ஆண்டுதோறும் 2 லட்சம் டன் அளவுக்குப் புதிதாக வாங்கி, ஐந்தாண்டு கழிந்ததைத் தீவனத்துக்கு விற்றுவந்தார்கள். வீடுகளுக்கும் தனிப் பாடம் உண்டு. பேரிடருக்கென்று எதையோ வாங்கி மூலையில் போட்டு மறக்காதீர்கள்; அன்றாடம் உண்பதையே கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், பழையதை முதலில் எடுங்கள், எடுத்த அளவை நிரப்புங்கள். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் உணவும் நீரும் இருக்கட்டும் என்பது அரசின் பரிந்துரை.

இவ்வளவு ஏற்பாடும் இருந்த நாட்டில் 2024 ஆகஸ்டில் அரிசி அடுக்குகள் காலியாயின. ஆகஸ்ட் 8 அன்று கியூஷு கடலோரத்தில் 7.1 அளவில் நிலநடுக்கம். அதையொட்டி, ‘நன்காய் பள்ளத்தில் பெரும் நிலநடுக்கம் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது, ஆயத்தமாக இருங்கள்’ என்ற அறிவிப்பை வானிலைத் துறை முதன்முறையாக வெளியிட்டது. ஆயத்தமாக இருங்கள் என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? ஆயத்தமானார்கள், அன்றைக்கே, எல்லோரும் சேர்ந்து. ஆகஸ்ட் என்பது பழைய அறுவடை தீர்ந்து புது அறுவடை வராத இடைவெளி மாதம். முந்தைய ஆண்டின் கடும் வெயிலில் நெல்லின் தரம் வேறு கெட்டிருந்தது. குடும்பத்துக்கு ஒரு பை என்று கடைகள் பலகை வைத்தன. அரசுக் கிடங்கைத் திறக்கச் சொன்னபோது, புது அரிசி வந்தால் சரியாகிவிடும் என்று வேளாண் அமைச்சகம் மறுத்தது. புது அரிசி வந்தது, விலை இறங்கவில்லை. 5 கிலோ 2,000 யென் அளவில் விற்றது, 2025 வசந்தத்தில் 4,000 யென்னைத் தாண்டியது.

மார்ச் மாதம்தான் கிடங்கு திறந்தது, அதுவும் ஏலத்தில். ஏலம் எடுத்ததில் பெரும்பங்கு கூட்டுறவு அமைப்பின் கைக்குப் போய், அங்கிருந்து மொத்த வியாபாரி, ஆலை, சில்லறைக் கடை என்று படிப்படியாக இறங்குவதற்குள் வாரங்கள் ஓடின. இந்தச் சமயத்தில் வேளாண் அமைச்சர் தகு எத்தோ ஒரு கூட்டத்தில் வாயைவிட்டார்: தான் அரிசி விலைகொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுத்தது விற்கும் அளவுக்கு வீட்டில் கிடக்கிறது என்ற பொருளில். மே 21ஆம் தேதி பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த ஷின்ஜிரோ கொய்சுமி ஏலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, பழைய அரிசியை நேரடியாகச் சில்லறை நிறுவனங்களுக்குக் கொடுத்து 5 கிலோ 2,000 யென் அளவில் விற்கவைத்தார். மூன்று, நான்கு வருடப் பழைய அரிசிக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அமைச்சரின் உளறல் அன்று. 10 லட்சம் டன் அரிசி இருக்கும்போதே ஒரு நாடு அரிசியில்லாமல் தவிக்க முடியும் என்பதுதான். கிடங்கில் இருப்பதற்கும் கடை அடுக்கில் இருப்பதற்கும் இடையில் லாரி, ஆலை, ஏலம், கோப்பு என்று பல வாசல்கள். நெருக்கடியில் முதலில் அடைபடுவது அந்த வாசல்கள். வீட்டுப் பரணில் இருக்கும் அரிசிக்கு இந்த வாசல் எதுவும் கிடையாது.

அரசாங்கங்கள் இதில் எவ்வளவு மும்முரமாக இருக்கின்றன என்பதற்குச் சுவிட்சர்லாந்து ஒன்று போதும். ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீரும் ஒரு வாரத்துக்கான உணவும் வீட்டில் இருக்கவேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள். சர்க்கரை, அரிசி, எண்ணெய், கோதுமை எல்லாம் மூன்று நான்கு மாதத் தேவைக்கு நிறுவனங்கள் கட்டாயமாக இருப்பு வைத்திருக்கவேண்டும். 2019இல் அந்தப் பட்டியலிலிருந்து காப்பிக்கொட்டையை நீக்க அரசு முனைந்தது. காப்பியில் சத்து ஒன்றுமில்லை, உயிர்வாழ அவசியமில்லை என்பது அதன் வாதம். எதிர்ப்பு கிளம்பியதில் அந்த யோசனை கைவிடப்பட்டது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

குதிரும் சிப்பமும்

பழையதை முதலில் எடுங்கள் என்று ஜப்பான் அரசு துண்டறிக்கை போட்டுச் சொல்லித்தரும் அந்த முறையை நம் குதிர் தன் உடம்பிலேயே வைத்திருந்தது. வட்ட வட்டமாகச் சுட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மண்பூசி அடைத்தது குதிர். வாய் மேலே. எடுப்பதோ அடியில் உள்ள கைநுழையும் துளை வழியாக. அதைத் துணியோ வைக்கோலோ வைத்து அடைத்திருப்பார்கள். புதுத் தானியம் மேலே விழும், பழையது கீழே வரும். எது முந்தையது என்று யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டெல்டா வீடுகளில் மரப் பத்தாயமும் மூங்கில் தொம்பையும் இருந்தன. கோயில்களிலும் களஞ்சியங்கள் உண்டு. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் கட்டிய வட்டவடிவச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஸ்ரீரங்கம் கோயிலிலும் இதுபோன்ற வட்டக் களஞ்சியங்களைப் பார்க்கலாம்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்தாயம் எல்லோர் வீட்டிலும் இருந்ததில்லை. நிலம் இருந்தவர் வீட்டில் இருந்தது. அந்த நிலத்தில் உழுதவர், அறுத்தவர் வீட்டில் ஒரு பானை இருந்தது, அதுவும் ஆடி மாதத்தில் கவிழ்ந்து கிடந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். களஞ்சியங்கள் கட்டி நின்ற அதே மண்ணில்தான்.

இன்று குதிரின் இடத்தில் சிப்பம் வந்திருக்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் பல இப்போதும் அரிசியைச் சிப்பமாகத்தான் வாங்குகின்றன. அந்தச் சிப்பம் நெடுங்காலம் 25 கிலோவாக இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்றார்கள்; ஆலைகள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு 26 கிலோ சிப்பமாக்கிவிட்டன. மொத்தமாக வாங்குபவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்குபவருக்கு உண்டு. இந்த அநியாயத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால் இரண்டு வாரத்துக்கு 17 கிலோ போதும். பருப்பு மூன்றரை கிலோ. அதாவது மாதத் தொடக்கத்தில் சிப்பம் வாங்கும் வீட்டில் நெருக்கடிக்கான அரிசி அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டு வெள்ளங்களில் சோற்றுக்கு அரிசியில்லை என்பதைவிட மற்றவை இல்லை என்ற குரலே அதிகம் கேட்டது. 2015 டிசம்பரில் சென்னையில் பாலும் குடிநீரும் சொன்ன விலைக்கு விற்றன. மின்சாரம் போனதில் ஏடிஎம்மும் கைபேசியும் செத்தன. 2023 மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குள் வெள்ளம் புகுந்து பால் விநியோகம் குலைந்தது. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் என்றால், நால்வருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு கேன். அடுப்பெரிக்க மாற்று சிலிண்டர், குழந்தைக்குப் பால்பவுடர், முதியவருக்கு ஒரு மாத மாத்திரை, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம்: பட்டியல் இப்படித்தான் நீளவேண்டும். இன்னொரு சிப்பம் அரிசி அதில் கடைசி. முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் தரையில் நிற்கும் சிப்பம் முதல் மணிநேரத்திலேயே வீணாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரண் இல்லாத அடுக்ககங்களில் அலமாரியின் மேல்தட்டுதான் கதி.

நிறைய வாங்கினால் நிறைய வீணாகும் என்ற அச்சமும் நியாயமானது. அரிசியில் வண்டு எங்கிருந்து வருகிறது? காற்றில் பறந்து வந்து டப்பாவுக்குள் விழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கடையிலிருந்தே கூட வருகிறது. பெண் வண்டு அரிசிமணியில் கூர்மூக்கால் துளையிட்டு, ஒரு முட்டையை வைத்து, துளையைத் தன் சுரப்பால் பூசி மூடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் வெப்பத்தில் ஒரு மாதம்போலக் கழித்து வண்டாக வெளிவரும். ஆகவே புடைத்து எடுத்தாலும் அடுத்த மாதம் மீண்டும் வரும். காற்றுப்புகாத கலத்தில் நிறைய நிரப்பி மூடினால், உள்ளே இருக்கும் உயிர்வாயுவைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். சிறிய அளவென்றால் சில நாள் உறைபெட்டியில் வைத்தெடுப்பது போதும். அரிசியைக் கடும் வெயிலில் காயப்போட்டால் மணி வெடித்து நொறுங்கும். பருப்புக்கும் பயறுக்கும் அப்படி வெடிக்கும் தொல்லை குறைவு. புழுங்கலரிசி பச்சரிசியைவிட நாள் தாங்கும். தவிடு நீக்காத அரிசி சத்துக்கு நல்லது, இருப்புக்கு ஆகாது. தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்குவாடை எடுத்துவிடும். கேழ்வரகை வண்டு சீண்டுவது அரிது, ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பொறியைப் பற்றியும் சொல்லவேண்டும். உடலெங்கும் துளையிட்ட குழாய், அடியில் ஒரு கூம்பு. தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகிவைக்கவேண்டும், அவ்வளவுதான். காற்றோட்டத்தைத் தேடி நகரும் வண்டு துளைக்குள் நுழைந்து கீழே விழும், ஏறி வர முடியாது. மருந்து தெளிக்காமலே வண்டு வந்துவிட்டதை முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மிக எளிய சாதனம். மளிகைக் கடைகளில் இது ஏன் தொங்குவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

வாங்கிவைக்க முடியாதவர்கள்

சிப்ப வரிக்கு வருகிறேன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது எல்லோரும் அறிந்தது. அப்படியானால் பணத்துக்கு அதிகம் தவிக்கும் ஏழைகள்தானே அதிகம் மொத்தமாக வாங்கவேண்டும்? அமெரிக்காவில் யெசிம் ஓர்ஹுன், மைக் பலாசோலோ என்ற இரு ஆய்வாளர்கள் கழிப்பறைக் காகிதம் வாங்கும் பழக்கத்தை வைத்து இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். கெடாத பொருள், எல்லோரும் பயன்படுத்துவது, விலை குறையும்போது வாங்கிவைத்தால் லாபம். ஆனால் வருமானம் குறைந்த வீடுகளே பெரிய கட்டு வாங்குவதிலும் தள்ளுபடியைப் பயன்படுத்துவதிலும் பின்தங்கியிருந்தன. கையில் காசு புழங்கும் மாதத் தொடக்கத்தில் மட்டும் அவர்களும் வசதியுள்ளவர்களை நெருங்கினார்கள். அறியாமை காரணமில்லை, அன்றைக்குக் கையில் பணமில்லை. நம் ஊரில் ஆய்வே தேவையில்லை. அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண் மாலையில் கூலி வாங்கிய கையோடு கால் கிலோ பருப்பும் ஐம்பது மில்லி எண்ணெயும் வாங்கிப் போகிறார். கிலோ கணக்கில் பார்த்தால் சிப்பம் வாங்குபவரைவிட அவர்தான் அதிக விலை கொடுக்கிறார். அவரிடம் போய் இரண்டு வார இருப்பு வையுங்கள் என்று துண்டறிக்கை நீட்டுவது கேலி.

இந்த இடத்தில் அரசுகள் வழக்கமாகக் கையில் எடுப்பது பதுக்கல் வேட்டை. நம்மிடம் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இருக்கிறது. இருப்பு வரம்பு ஆணைகள் பெரும்பாலும் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, ஆலைகள் மீதுதான். அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேட்டையால் தட்டுப்பாடு தீர்ந்த வரலாறு மிகக் குறைவு. 1943இல் வங்கம் பட்டினியில் சாகத் தொடங்கியபோது, ஜூன் மாதம் மாகாண அரசு கிராமம் கிராமமாகப் பதுக்கலைத் தேடியது. பணமும் நெல்லும் குவிந்திருந்த கல்கத்தாவையும் ஹௌராவையும் முதல் கட்டத் தேடலில் விட்டுவிட்டார்கள். கிராமங்களில் சொல்லத்தக்க அளவு எதுவும் சிக்கவில்லை. அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் காட்டியதுபோல, அரிசி அறவே இல்லாமல் போனதைவிட அதை வாங்கும் சக்தி கூலிக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் போனதே அந்தப் பஞ்சம். இருபது, முப்பது லட்சம் உயிர்கள் போயின.

அண்மைக் காலத்தில் இலங்கை. 2021 ஆகஸ்ட் 30 அன்று உணவுப் பொருள்களுக்காக அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. அத்தியாவசிய சேவைகளுக்கு இராணுவ அதிகாரி ஒருவர் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். சீனிக் களஞ்சியங்கள் முற்றுகையிடப்பட்டன. உண்மையில் தீர்ந்துபோயிருந்தது டாலர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, எந்தக் களஞ்சியத்தை உடைத்தும் பயனில்லை. இதையெல்லாம் யாழ்ப்பாணத்தார் முன்பே பார்த்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் மாவும் சீனியும் அருகிப்போன காலத்தில், பனங்கிழங்கைக் கீறிக் காயவைத்த ஒடியலும் புழுக்கொடியலும் கைகொடுத்தன. கப்பல் வரவேண்டிய அவசியமில்லாத இருப்பு அது.

அச்சத்துக்கு உண்மையான தட்டுப்பாடு தேவையில்லை என்பதற்கும் ஒரு சான்று. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கும் பொன்னிக்கும் அடிதடி வரிசை. ஆளுக்கு ஒரு மூட்டை என்று கடைக்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். அன்றைய தடையில் புழுங்கலரிசி சேரவே இல்லை. இட்லி அரிசிக்குப் பதற வேண்டிய காரணம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் பதறினார்கள், வசதியாகச் சம்பாதிப்பவர்கள்தான்.

தமிழ்நாட்டில் ஏழை வீட்டுக் குதிர் என்று ஒன்று உண்டென்றால் அது ரேஷன் கடை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அதன் பின்னால் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள். 1965இல் அந்தக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில். ஜூலை 1ஆம் தேதி நிலவரப்படி நாட்டில் இருக்கவேண்டிய குறைந்தபட்சத் தானிய இருப்பு 411 லட்சம் டன். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் ஜப்பானுக்கு நேர்ந்ததுபோல், கிடங்குக்கும் குடிசைக்கும் நடுவில் வெள்ளம் ஓடும் மூன்று நாளில் இது எதற்கும் உதவாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். ஏறத்தாழ 500 பேர் ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலத்தோடு வருவதற்கு முன்பே, அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசி பருப்பைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. எந்த அரசுத் திட்டத்திலும் கணக்கில் வராத அந்த வீட்டு இருப்புதான் அன்று கிட்டிய முதல் நிவாரணம்.

புதுக்குடியின் பெருந்தன்மையை நம்பி ஒரு மாநிலம் இருக்க முடியாது. 2025இல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத் தானியத்தை மழைக்காலத்தை முன்னிட்டுச் சேர்த்து வழங்கும்படி ஒன்றிய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. நம் மழை அக்டோபரில் தொடங்குகிறது. திருவள்ளூர் முதல் தூத்துக்குடி வரை கடலோர மாவட்டங்களிலும் டெல்டாவிலும், அக்டோபர், நவம்பர் மாத அரிசி, பருப்பு, எண்ணெயை விரும்பும் அட்டைதாரர்கள் செப்டம்பர் முடிவதற்குள் பெற்றுக்கொள்ள ஆண்டுதோறும் நிலையான ஆணை இருக்கவேண்டும். தாழ்வான குடியிருப்புகளில் வீட்டுக்கொரு மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மும் அதோடு கொடுக்கலாம். ஈரத்தில் சாக்கு நிற்காது. முழு ஊரடங்கோ புயல் விடுமுறையோ, கடை மூடும் எந்த அறிவிப்பையும் மாதக் கடைசியில், ஒரே நாள் அவகாசத்தில் வெளியிடாதிருக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. சிப்பம் வாங்க வசதியுள்ளவர்கள் ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த மாலையில் கடைப்பக்கம் போகாதீர்கள்.